மூன்றாவது விசில்

"என் பொண்ணு யாரையும் தள்ளலைங்க," என்றார் பஸ் மெக்கானிக். "ஆனா தள்ளலைன்னு அவ வாயால சொல்ல மாட்டேங்கிறா. அதான் உங்ககிட்ட வந்தேன்."

அண்ணி, எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. வயதை மீறிய உடம்பு. அந்த உடம்பை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாதவள்போலத் தோள்களைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளியில் அவளுக்கு 'மூட்டை' என்று பெயர். வைத்தது பிள்ளைகள்தான். ஆசிரியர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும்போது மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

அண்ணிக்கும் சொந்தப் பெயர் உண்டு. அது அவளுடைய துப்பறியும் அலுவலக வாசல் பலகையில் மட்டும் இருக்கிறது. கணவனின் தம்பி பட்டாசு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்து, நாலு பேர் முன்னால் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில் ஊரே அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டது. அவள் கண்டுபிடித்துக் கொடுத்த திருடன்கூட வண்டியில் ஏறும்போது "வரேன் அண்ணி" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

"பள்ளிக்கூடம் என்ன சொல்லுது?" என்று பட்டாசு கேட்டான்.

"இடைவேளையில இவங்க ரெண்டு பேரும் கலையரங்கத்துக்குள்ள திருட்டுத்தனமா போனாங்களாம். மேடை மேல சண்டையாம். இவ தள்ளினாளாம். அந்தப் பொண்ணு முதுகுத்தண்டு அடிபட்டு ஆஸ்பத்திரியில கிடக்கு. காலை அசைக்க முடியல. இவளோட உயிர்த் தோழி சார் அது. வகுப்புலயே ரொம்ப லேசான பொண்ணு. இறகுன்னு கூப்பிடுவாங்க."

"இன்னைக்கு விசாரணையா?"

"மதியம். கல்வி அலுவலர் வராங்க. இவதான் தள்ளினான்னு முடிவாச்சுன்னா பள்ளியை விட்டு நீக்கிடுவாங்க. அந்தப் பொண்ணுக்கு ஆயுசு முழுக்க ஆகிற வைத்தியச் செலவும் என் தலையில. செலவைக்கூட விடுங்க. இவ ஆயுசு முழுக்க..." அவர் முடிக்காமல் மகளின் தோளைத் தட்டினார்.

சிறுமி பல்லைக் கடித்துக்கொண்டு விலகினாள்.

"தோள்ல என்ன?" என்றாள் அண்ணி.

"கன்னிப்போயிருக்குங்க. ரெண்டு பக்கமும். கேட்டா சொல்ல மாட்டேங்கிறா. மத்த பிள்ளைங்க அடிச்சிருக்கும்னு இவ அம்மா சொல்றா."

அப்போது கீழே, நாற்சந்தியில் நின்ற போக்குவரத்துக் காவலர் நீளமாக ஒரு விசில் ஊதினார்.

சிறுமி குனிந்தாள். மளமளவென்று ஷூ நாடாவை அவிழ்த்தாள். இரண்டு ஷூவையும் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றி, இறுக்கமான உருண்டையாகச் சுருட்டி, ஷூவுக்குள் திணித்தாள். ஜோடியைச் சுவரோரமாக நேராக வைத்தாள். பிறகுதான் தான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததுபோல விழித்தாள்.

"பாருங்க, இதுதான்," என்றார் மெக்கானிக் உடைந்த குரலில். "அன்னையிலேர்ந்து இப்படித்தான். டாக்டர் அதிர்ச்சின்னு சொல்றார்."

"அதிர்ச்சியிலயும் என்ன ஒழுங்கு பாருங்க அண்ணி," என்றான் பட்டாசு. "நான் தெளிவா இருக்கும்போதே என் செருப்பு ஒண்ணு வாசல்ல, ஒண்ணு மாடிப்படியில கிடக்கும்."

அண்ணி சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த அந்த ஷூக்களையே பார்த்தாள். "பட்டாசு, வண்டியை எடு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்து வாசனையும் ஈரத் துடைப்பத்தின் வாசனையும் கலந்து வந்தன. இறகின் அம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். வேலைக்குப் போகவில்லை என்றாலும் விரல்கள் போர்வையின் சுருக்கத்தைத் தன்னிச்சையாக நீவிக்கொண்டே இருந்தன. வந்தவர்கள் யாருக்காக வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்துவிட்டாள்.

"அந்தத் தடிச்சி அப்பன் அனுப்பினானா? வெளிய போங்க."

"போறோம்மா," என்றாள் அண்ணி. "ஒரே ஒரு கேள்வி. உங்க பொண்ணு எதாவது சொன்னாளா?"

"என்னத்தைச் சொல்லும்? பாதி நேரம் மயக்கம். அன்னைக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. முழிச்சா ஒரே பிதற்றல்தான். 'அம்மா, கொடியைப் பிரிச்சேனா? பிரிச்சிட்டேனா?' எந்தக் கொடியோ."

கட்டிலில் கிடந்த உருவம் போர்வைக்குள் இருப்பதே தெரியவில்லை. முகம் மட்டும் தலையணையில் வைத்ததுபோல இருந்தது.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து அவ சாமான்களைக் குடுத்தாங்களா?"

"ஆயா கொண்டுவந்து குடுத்தாங்க. புத்தகப் பை, ஷூ. கிடந்தது கிடந்தபடி எடுத்துட்டு வந்தேன்னாங்க." அவள் கட்டிலுக்கு அடியிலிருந்த துணிப்பையைக் காலால் தள்ளினாள். "வெறுங்காலோட என் பிள்ளையைத் தூக்கிட்டு வந்து போட்டாங்க."

அண்ணி பையைத் திறந்தாள். சின்ன ஷூக்கள். நாடா முழுக்க அவிழ்ந்திருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாக்ஸ், இறுக்கமான உருண்டையாக.

பட்டாசு எட்டிப் பார்த்தான். "விழுந்ததுல ஷூ கழண்டுச்சுன்னு வெச்சுக்கிட்டா, அந்தரத்துல விழும்போதே நாடாவை அவிழ்த்து, சாக்ஸைச் சுருட்டி..." என்று ஆரம்பித்தவன் கட்டிலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நீங்க சுருட்டி வெச்சீங்களா?" என்று அண்ணி தாயிடம் கேட்டாள்.

"நான் இன்னும் தொடவே இல்ல. அவளும் இப்படிச் சுருட்ட மாட்டா. வீட்டுல மூலைக்கு ஒண்ணா எறிவா." சொல்லிவிட்டுத் தாயே அந்த உருண்டையை உற்றுப் பார்த்தாள். கோபத்துக்கு நடுவே ஒரு சின்னக் கேள்வி அவள் முகத்தில் வந்து நின்றது.

"விசாரணைக்கு வரும்போது இந்தப் பையைக் கொண்டாங்க," என்றாள் அண்ணி. "எதையும் தொடாம அப்படியே."

வழியில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஒரு விசில் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு அண்ணி? எங்க அண்ணனை அடக்கவா? அதுக்கு உங்க பார்வையே போதுமே. வீட்டுல விசில் வந்துச்சுன்னா அந்த மனுஷன் துறவியாப் போயிடுவார்."

"பேசாம ஓட்டு."

"எனக்காவது சொல்லுங்க. துப்பு கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு. அது தப்பா இருக்கணும்னு வேண்டிக்க."

பட்டாசு கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தான். கெட்டுப்போன எதையோ கடித்துவிட்டு, துப்ப இடம் கிடைக்காதவளின் முகமாக இருந்தது.

விசாரணையைக் கலையரங்கத்திலேயே வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் வாசனை. மேடை மரத்தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மேடைக்குக் கீழே வெறும் சிமெண்டுத் தரை. சுவரோரம் தடித்த பயிற்சி மெத்தைகள் சாய்த்துவைக்கப்பட்டிருந்தன. கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"காட்சிக்கு வெச்சிருக்காங்க போல," என்று பட்டாசு முணுமுணுத்தான். "எங்க சித்தி வீட்டுக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி."

நீளமான மேசையின் நடுவில் கல்வி அலுவலர், வெள்ளைத் தலைமுடி அம்மாள். அவருக்கு ஒரு பக்கம் பள்ளித் தாளாளர். விலை உயர்ந்த வாசனைத் திரவியம் பூசியிருந்தார். அவர் பக்கத்தில் பள்ளியின் வக்கீல். கடைசியில் டிரில் மாஸ்டர். விறைப்பான மீசை, விறைப்பான கழுத்து, அந்தக் கழுத்தில் ஒரு கறுப்பு நாடாவில் விசில். எதிர்ப்பக்கம் மெக்கானிக்கும் இறகின் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மூட்டையை உள்ளே விடவில்லை. "சாட்சிப் பிள்ளைங்க அவளைப் பார்த்தா பயப்படும்," என்றார் தாளாளர். அவள் வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சில் தனியாக இருந்தாள்.

வக்கீல் கனிவான குரலில் ஆரம்பித்தார். "அம்மா, சட்டம் ரொம்பத் தெளிவு. வகுப்பு நேரத்துல, ஆசிரியர் மேற்பார்வையில ஒரு குழந்தைக்கு அடிபட்டா, அது பள்ளியோட பொறுப்பு. நாங்க தட்டிக்கழிக்கவே மாட்டோம். ஆனா இது இடைவேளை. பூட்டின அரங்கம். விதியை மீறி உள்ள போன ஒரு மாணவி இன்னொரு மாணவியைத் தள்ளியிருக்கா. இதுக்குப் பள்ளி எப்படிப் பொறுப்பாகும்? அந்த மாணவியோட பெற்றோர்தான் பொறுப்பு."

"பூட்டின அரங்கத்துக்குள்ள எப்படிப் போனாங்க?" என்றான் பட்டாசு. "சாவித் துவாரம் வழியாவா?"

"அன்னைக்குப் பூட்ட மறந்திருக்கலாம்," என்றார் வக்கீல், கனிவு குறையாமல்.

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?" என்று அண்ணி டிரில் மாஸ்டரிடம் கேட்டாள்.

"தோட்டத்துல. செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தேன். இந்தப் பக்கமே வரல."

சாட்சிகளை அழைத்தார்கள். மூட்டையின் வகுப்புப் பெண் பிள்ளைகள் மேடை மேல் வரிசையாக வந்து நின்றார்கள். முதல் சிறுமி வாயைத் திறந்தாள்.

"இடைவேளை நேரத்தில், ஆசிரியர்கள் யாரும் இல்லாதபோது, அவள் அவளை மேடையிலிருந்து தள்ளிவிட்டாள்."

இரண்டாவது சிறுமி: "இடைவேளை நேரத்தில், ஆசிரியர்கள் யாரும் இல்லாதபோது..."

மூன்றாவது சிறுமிக்கு நடுவில் ஒரு சொல் மறந்துபோனது. அவள் அழுகிற முகத்தோடு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பட்டாசு அண்ணியின் பக்கம் சாய்ந்தான். "ஆசிரியர்கள் யாரும் இல்லாதபோதாம். எந்த வீட்டுக் குழந்தை அண்ணி இப்படிப் பேசுது? எங்க ஆபீஸ் நோட்டீஸைக்கூட நான் இதைவிடப் பேச்சு மாதிரி எழுதுவேன்." அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

"போதும்," என்றாள் அண்ணி. "ஒரு சந்தேகம். அடிபட்ட பொண்ணு ஏன் வெறுங்காலோட இருந்தா?"

"புது வார்னிஷ்," என்றார் தாளாளர் பெருமையோடு. "மேடை மேல ஷூ போடக் கூடாதுன்னு எங்க விதி. இங்க ஒழுக்கம்தான் முதல்."

"விதியை மீறித் திருட்டுத்தனமா உள்ள வந்த பிள்ளைங்க, ஷூ விதியை மட்டும் மீறல?"

தாளாளர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தன் பேனாவைப் பார்த்தார்.

"இப்ப மேடையில நிக்கிற பிள்ளைங்க எல்லாரும் ஷூ போட்டிருக்காங்களே?" என்றாள் அண்ணி. "இன்னைக்கு அந்த விதி லீவா?"

பிறகு அவள் எழுந்து நின்றாள். கைப்பையிலிருந்து விசிலை எடுத்தாள். நீளமாக ஒரு தடவை ஊதினாள்.

பிள்ளைகளின் முகம் மாறுவதற்கு முன்பே கைகள் நாடாவுக்குப் போய்விட்டன. மேடை முழுக்கக் குனிந்த முதுகுகள். ஷூ கழன்றது. சாக்ஸ் கழன்றது. உருண்டையாகச் சுருண்டு ஷூவுக்குள் போனது. மேடை விளிம்பில் ஜோடி ஜோடியாக, அளவெடுத்து வைத்ததுபோல வரிசை வந்து நின்றது. வரிசையில் இரண்டு இடம் காலியாக இருந்தது. யாரும் சொல்லாமலே அந்த இரண்டு இடத்தையும் விட்டுவைத்திருந்தார்கள்.

அண்ணி இறகின் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்தத் தாய் பையோடு நடந்து போய், மகளின் ஷூக்களை வெளியே எடுத்து, ஒரு காலி இடத்தில் வைத்தாள். அதே உருண்டை. அதே இறுக்கம். வரிசையில் அந்த ஜோடி மட்டும் மிகச் சின்னதாக இருந்தது.

"விதிக்காக யாரும் ஷூ கழட்டல. விசிலுக்காகக் கழட்டியிருக்காங்க," என்றாள் அண்ணி. "அன்னைக்கும் இங்க விசில் ஊதியிருக்கு. விசில் உங்க கழுத்துல இருக்கு மாஸ்டர். தோட்டத்துல எந்தச் செடிக்கு விசில் ஊதினீங்க?"

டிரில் மாஸ்டரின் கழுத்து விறைப்பு கொஞ்சமும் குறையவில்லை. "டிரில் பீரியட்ல ஷூ கழட்டச் சொல்றது வழக்கம்தான். அன்னைக்கு எந்தப் பிள்ளையாவது விளையாட்டுக்கு விசில் ஊதியிருக்கும். நான் என்ன பண்ண முடியும்?"

"சரியான பாயிண்ட்," என்றார் வக்கீல். "ஊதினது யாருன்னு இதுல நிரூபணம் ஆகல."

"ஆகல," என்று ஒப்புக்கொண்டாள் அண்ணி. விசிலை மறுபடி வாயருகே கொண்டு போனாள். மேடை மேல் நின்ற வெறுங்கால்களை ஒரு தடவை பார்த்தாள்.

இரண்டாவது விசில்.

நான்கு பிள்ளைகள் மேடையை விட்டு இறங்கிச் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார்கள். கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகைப் பலகைபோல வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். பெரியவர்கள் முன்னால், போகப் போகச் சின்னவர்கள். அடுத்த விசில் வந்ததும் முதுகு மேல் முதுகாக ஏறுவதற்குத் தயாராக நின்றார்கள். மனிதக் கோபுரம். உச்சியில் நின்று கொடியைப் பிரிக்க வேண்டியவளின் இடம் வரிசைக் கடைசியில் காலியாக இருந்தது. அடி வரிசையின் நடுவிலும் ஒரு முதுகுக்கான இடைவெளி. எல்லார் எடையும் வந்து இறங்குகிற இடம் அது.

"நடு எங்கடி?" என்று அதட்டினார் டிரில் மாஸ்டர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. இத்தனை வருஷப் பழக்கம். கோணலான வரிசையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அந்த வாய்க்குத் தெரியவில்லை. வக்கீல் மெதுவாகப் பேனாவை மூடினார்.

அப்போது வராந்தாவிலிருந்து வெறுங்கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

மூட்டை மூச்சு வாங்க உள்ளே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. அப்பாவைக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் அந்த இடைவெளியில் மண்டியிட்டு, கையை ஊன்றி, கன்னிப்போன தோள்களை அகலமாக விரித்துக்கொடுத்தாள்.

"வந்துட்டேன் சார்," என்றாள். எத்தனையோ நாளாகத் திறக்காத வாய். "இந்தத் தடவை ஆட மாட்டேன் சார். மூச்சைப் பிடிச்சுக்கறேன்."

மெக்கானிக் எழுந்தார்.

கல்வி அலுவலர் மேசையைச் சுற்றி வந்து, சிரமப்பட்டுத் தரையில் உட்கார்ந்து, சிறுமியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார். "அன்னைக்கு என்ன நடந்துச்சும்மா?"

"ஆண்டு விழாவுக்குப் பழகினோம். எனக்குக் கை வலிச்சுச்சு. சொன்னேன். சார் விசில் ஊதிட்டார். அவ மேல ஏறி நின்னா. நான் ஆடிட்டேன்."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"நான் ஆடினதாலதான் விழுந்தாளாம். வெளிய சொன்னா அப்பாவைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போகும்னு சார் சொன்னார்."

"மெத்தை ஏன் போடல?"

சிறுமிக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. "அதை அழுக்காக்கக் கூடாது மிஸ். பெரிய சார் திட்டுவார்."

பெரிய சாரான தாளாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "இது... இது மாஸ்டரோட தனிப்பட்ட கவனக்குறைவு," என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம் சார்," என்றார் வக்கீல். கனிவு போய்விட்டிருந்தது. "இனி நீங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் நமக்கு எதிராத்தான் போகும். அவர் உங்க ஊழியர், இது உங்க வேலை நேரம், அது உங்க மெத்தை. பொறுப்பு பள்ளியோடது." அவர் கோப்பைக் கட்டினார். பிள்ளைகள் இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அடி வரிசைப் பிள்ளைகள் இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார்கள். எழுந்திருக்கலாம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுந்திருப்பதற்கும் ஒரு விசில் இருந்திருக்க வேண்டும்.

இறகின் அம்மாதான் முதலில் அசைந்தாள். மூட்டையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சட்டைக் கழுத்தை லேசாக விலக்கி, தோளிலிருந்த கன்றலைப் பார்த்தாள். ஒரு முழங்காலின் அளவு. தொடாமல் கையை அதன் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"எந்திரிம்மா," என்றாள். "வலிச்சா ஆடத்தான் செய்வாங்க. எந்திரி. உன் தோழி உன்னைத்தான் கேட்டுட்டு இருக்கா."

அது பொய். இறகு கேட்டது கொடியை மட்டும்தான். ஆனால் மூட்டை எழுந்துகொண்டாள்.

வெளியே வந்தபோது மைதானத்தில் வெயில் இறங்கியிருந்தது. அண்ணி நேராகக் குடிநீர்க் குழாய்க்குப் போனாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி கொப்பளித்தாள். மறுபடியும்.

பட்டாசு பக்கத்தில் நின்றான். அவள் நிறுத்துகிற மாதிரி தெரியவில்லை.

"ஜெயிச்சுட்டோமே அண்ணி."

"ரெண்டு தடவை ஊதினேன்டா. ரெண்டு தடவையும் அதுங்க கீழ்ப்படிஞ்சுதுங்க." அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். "மூணாவது ஊதியிருந்தா ஏறியிருக்கும்."

"அதான் ஊதலையே."

அவள் விசிலை அவன் கையில் கொடுத்தாள். பட்டாசுவுக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. விசிலைத் தரையில் போட்டு, செருப்புக் காலால் மிதித்தான். அது உடைவதற்கு நாலைந்து மிதி தேவைப்பட்டது.